பழைய ஃபோக்ஸ்வாகன் கேம்பரில் டேப்பெட் செட் செய்வது: கேம்ப்சைட்டில், காலையில், நீங்களே

ஆல்ப்ஸ் பக்கம் பழைய கேம்பரை எடுத்துக்கொண்டு போகப்போகிறேன் என்பவர்கள் எல்லாரும் பிரேக்கைப் பற்றிக் கேட்கிறார்கள், டயரைப் பற்றிக் கேட்கிறார்கள். டேப்பெட் பற்றி, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தித் திறக்கும் ராக்கர் ஆர்முக்கும் நடுவே விட வேண்டிய மெல்லிய இடைவெளியைப் பற்றி, யாரும் வாயைத் திறப்பதில்லை. காற்றிலேயே எஞ்சின் குளிரும் ஏர் கூல்டு ஃபோக்ஸ்வாகனில் மலை ஏறிய மறுநாள் காலை முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். ஆஸ்திரியாவின் கிராஸ்கிளாக்னர் சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். 1935-ல் திறந்த மலைச்சாலை, 48 கிலோமீட்டர், உச்சியில் ஹோஹ்டோர் கணவாய் 2,504 மீட்டர். நம்மிடம் இருப்பதோ 50 குதிரைத்திறன். சாமான், தண்ணீர், ஆட்கள் எல்லாம் சேர்ந்தால் வண்டி இரண்டு டன்னைத் தொடும். இரண்டாம் கியரில் முனகி முனகி ஏறும் அந்த நேரம் முழுக்க, புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வுகள் சிவக்கச் சிவக்கக் காய்கின்றன.

இங்கே சொல்வது 1967-லிருந்து 1979 வரை ஜெர்மனியில் வந்த, முன்பக்கம் ஒரே வளைந்த கண்ணாடி உள்ள டி2 வண்டிக்கு, அதிலும் 1600 சிசி எஞ்சினுக்கு. பின் மூடியைத் திறந்தால் ஃபேன் கூடு நிமிர்ந்து நின்றால் உங்களுடையது இதுதான். எஞ்சின் தட்டையாகப் படுத்திருந்தால் அது 1.7, 1.8 அல்லது 2.0 லிட்டர், அதற்குக் கணக்கு வேறு, இதை வைத்துச் செய்யாதீர்கள்.

புல்லட்டில் டேப்பெட் செட் செய்த கை என்றால் பாதி வேலை உங்களுக்குத் தெரியும். வித்தியாசம், இங்கே எட்டு வால்வு, படுத்துக்கொண்டு செய்ய வேண்டும்.

எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும்

ஆறியிருக்க வேண்டும் என்றால் கை வைத்தால் சுடாத அளவுக்கு அல்ல. ராத்திரி முழுக்க நின்று, காலையில் தொட்டால் ஜில்லென்று இருக்க வேண்டும். கேம்பரில் போகிறவருக்கு இது ஒரு வசதி: வண்டியிலேயே தூங்குகிறோம், எழுந்ததும் எஞ்சின் தயாராக இருக்கிறது. காபி போட்டுக் குடியுங்கள், ஆனால் வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். இரண்டு நிமிடம் ஓடினாலும் அன்றைக்கு இந்த வேலை போச்சு.

சில கேம்ப்சைட்டுகளில் வண்டி வேலை செய்யக்கூடாது என்று விதி இருக்கும். வரவேற்பில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கீழே பழைய அட்டையும் தட்டும் விரித்து, எண்ணெய் ஒரு சொட்டுகூட மண்ணில் விழாது என்று காட்டினால் பெரும்பாலும் தலையாட்டிவிடுவார்கள்.

என்னென்ன வேண்டும்

13 மி.மீ. ரிங் ஸ்பேனர், தட்டை முனைத் திருப்புளி, ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகட்டு இதழ்கள்), எஞ்சினைத் திருப்ப 21 மி.மீ. ஸ்பேனர், தலையில் மாட்டும் டார்ச், ஒரு அலுமினியத் தட்டு, நிறைய வேஸ்ட் துணி, புது வால்வு கவர் கேஸ்கெட் இரண்டு, ஒரு நோட்டு, பேனா. பேனாவை மறந்துவிடாதீர்கள், அதற்கு வருகிறேன்.

ஃபீலர் கேஜில் இருபது இதழ் உள்ள கட்டு வேண்டாம். எஞ்சினுக்கும் ஹீட்டர் பெட்டிக்கும் நடுவே அது நுழையாது. 0.15 மி.மீ. இதழையும் 0.20 மி.மீ. இதழையும் மட்டும் கழற்றி, முனையை லேசாக வளைத்து வைத்துக்கொள்ளுங்கள். அதேபோல் கடையில் பளபளவென்று விற்கும், போல்ட் போட்டு மாட்டும் அலுமினிய வால்வு கவர்களை வாங்காதீர்கள். கம்பி ஸ்பிரிங்கில் நிற்கும் பழைய தகர கவர்தான் உருப்படி. திறக்க ஒரு திருப்புளி போதும், ஒழுகுவதும் குறைவு.

ஜாக் வேண்டாம். டி2-வுக்கு அடியில் படுத்து நுழைய இடம் இருக்கிறது. சாவியைக் கழற்றுங்கள், ஹேண்ட்பிரேக் போடுங்கள், முன் டயருக்குக் கல் வையுங்கள், கியரை நியூட்ரலில் விடுங்கள். கியரில் இருந்தால் எஞ்சின் சுற்றாது.

ஒன்றாம் சிலிண்டரைக் கண்டுபிடிப்பது

வேலை கெட்டுப்போவது இந்த இடத்தில்தான். மெதுவாகப் படியுங்கள்.

வண்டியின் பின்னால் நின்று எஞ்சினைப் பாருங்கள். உங்கள் வலது கைப் பக்கம் ஒன்றும் இரண்டும், இடது கைப் பக்கம் மூன்றும் நான்கும். ஒவ்வொரு பக்கத்திலும் சின்ன எண் உங்களுக்குத் தூரத்தில், அதாவது வண்டியின் முன்பக்கம் பார்த்து இருக்கிறது. பெரிய எண் உங்கள் மூக்குக்கு நேராக. முன் என்று கையேடு சொன்னால் அது வண்டியின் முன், நீங்கள் நிற்கும் பக்கம் அல்ல.

இப்போது ஒன்றாம் சிலிண்டர் பிளக்கிலிருந்து வரும் வயரைக் கையால் தடவிக்கொண்டே, பிளக்குகளுக்கு மின்பொறியைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடி வரைக்கும் போங்கள். அது மூடியில் எங்கே நுழைகிறதோ, அதற்கு நேர் கீழே டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பில் நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வையுங்கள். விளிம்பில் ஏற்கெனவே ஒரு வெட்டு இருக்கும். அதுதான் ஒன்றாம் சிலிண்டர் என்று எல்லாரும் சொல்வார்கள். ஆனால் ஐம்பது வருட வண்டியில் டிஸ்ட்ரிபியூட்டரை எத்தனை பேர் கழற்றி எப்படி மாட்டினார்களோ யாருக்குத் தெரியும்? எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது என்றால் வயர் பொய் சொல்லாது. அதையே நம்புங்கள்.

இரண்டு கிளிப்பைத் தள்ளி மூடியைக் கழற்றுங்கள். ஜெனரேட்டர் புல்லி நட்டில் 21 ஸ்பேனரைப் போட்டு, பெல்ட்டை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு, எஞ்சினை வலம் சுற்றாகத் திருப்புங்கள். கீழே உள்ள பெரிய புல்லியின் அடையாளம், எஞ்சின் கேஸின் இரண்டு பாதிகளும் சேரும் செங்குத்துக் கோட்டுக்கு நேராக வர வேண்டும். வந்துவிட்டது. உடனே வால்வு கவரைக் கழற்ற ஓடாதீர்கள்.

அந்த அடையாளம் இரண்டு முறை வரும். டிஸ்ட்ரிபியூட்டர் ஒரு சுற்று சுற்றுவதற்குள் புல்லி இரண்டு சுற்று சுற்றிவிடுகிறது. ஒரு தடவை ஒன்றாம் சிலிண்டர் வெடிக்கத் தயாராக, இரண்டு வால்வும் மூடி இருக்கும். அடுத்த தடவை அந்த இடத்தில் நிற்பது மூன்றாம் சிலிண்டர். ஒன்றாம் சிலிண்டரில் எக்ஸாஸ்ட் மூடிக்கொண்டும் இன்டேக் திறந்துகொண்டும் இருக்கும். அப்போது ஒன்றாம் சிலிண்டருக்கு இடைவெளி பார்த்தால் இறுக்கமாக இருப்பதுபோலத் தெரியும். திருகைத் தளர்த்திவிடுவீர்கள். பிறகு எஞ்சின் தையல் மெஷின்போலத் தடதடக்கும், இழுவை இருக்காது, எங்கே தப்பு என்றும் புரியாது.

அதனால் புல்லியை மட்டும் பார்க்காதீர்கள், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுற்றும் ரோட்டரைப் பாருங்கள். ரோட்டர் நெயில் பாலிஷ் புள்ளியை நோக்கினால் ஒன்று. நேர் எதிரே நோக்கினால் அது மூன்று; அப்படியென்றால் புல்லியை இன்னும் ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். வால்வு கவரைக் கழற்றியதும் ஒரு சோதனை: ஒன்றாம் சிலிண்டரின் இரண்டு ராக்கர் ஆர்மையும் விரலால் ஆட்டினால் இரண்டும் லேசாக டக் டக்கென்று ஆட வேண்டும்.

சரியான இடத்தில் நின்றதும், புல்லியின் அடையாளத்துக்கு நேர் எதிர்ப்பக்கமும் பாலிஷால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். இனிமேல் அரைச் சுற்று என்றால் எது என்று யோசிக்க வேண்டாம்.

அளந்து எழுதுவது

வால்வு கவருக்கு அடியில் தட்டை வைத்து, கம்பியைத் திருப்புளியால் கீழே தள்ளினால் கவர் கையோடு வந்துவிடும். கொஞ்சம் எண்ணெய் ஊற்றும், பயப்படாதீர்கள். ஒவ்வொரு பக்கமும் நான்கு வால்வு. ஓரத்தில் உள்ள இரண்டும் எக்ஸாஸ்ட், நடுவில் உள்ள இரண்டும் இன்டேக்.

இங்கேதான் நோட்டு. எதையும் திருகுவதற்கு முன்னால், அந்தச் சிலிண்டரின் இரண்டு வால்விலும் இருக்கிற இடைவெளியை அளந்து எழுதுங்கள். முதல் தடவை செய்பவர்கள் நேராக 0.15-க்கு வைத்துவிட்டு எழுந்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் எஞ்சின் உங்களிடம் சொல்ல வந்ததை நீங்களே அழித்துவிடுகிறீர்கள். டேப்பெட் செட் செய்வதைவிட, செட் செய்வதற்கு முன் எவ்வளவு இருந்தது என்பதுதான் எனக்கு முக்கியம்.

இடைவெளி கூடியிருந்தால் பெரும்பாலும் தேய்மானம் அல்லது லாக் நட் தளர்ந்தது. சத்தம் வரும், உயிருக்கு ஆபத்தில்லை. இடைவெளி குறைந்திருந்தால் யோசிக்க வேண்டும். வால்வு தன் இருக்கையில் உள்ளே இறங்குகிறது, அல்லது சூட்டில் அதன் தண்டு நீள்கிறது. இடைவெளி பூஜ்யமானால் வால்வு முழுக்க மூடாது. மூடாத வால்வு தன் சூட்டை ஹெட்டுக்கு (சிலிண்டரின் தலைப்பகுதிக்கு) கொடுக்க முடியாமல் கருகும். இத்தனைக்கும் சத்தமே வராது. அமைதியாக ஓடும் எஞ்சினைப் பார்த்துப் பெருமைப்படுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம்தான்.

மூன்றாம் சிலிண்டர் எக்ஸாஸ்டை அடிக்கோடிட்டு எழுதுங்கள். பழைய எஞ்சின்களில் ஆயில் கூலர் ஃபேன் கூட்டுக்குள்ளேயே, மூன்றாம் சிலிண்டருக்குப் போகும் காற்றை மறித்துக்கொண்டு நின்றது. 1971 மாடலிலிருந்து கூலரைத் தனிப் பெட்டிக்குத் தள்ளினார்கள், நிலைமை தேறியது. ஆனாலும் உங்கள் எஞ்சின் உண்மையில் எந்த வருடத்தது, அந்தத் தகரப் பெட்டியெல்லாம் இன்னும் உள்ளே இருக்கிறதா என்பது திறந்து பார்த்தால்தான் தெரியும்.

செட் செய்வது

இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டுக்கும் 0.15 மி.மீ. பழைய கையேடு சிலவற்றில் 0.10 என்று இருக்கும். பின்னால் ஃபோக்ஸ்வாகனே மாற்றிக்கொண்டது, 0.15-ஐயே வையுங்கள்.

லாக் நட்டை 13 ஸ்பேனரால் தளர்த்தி, திருகைத் திருப்பி, 0.15 இதழ் லேசான உராய்வோடு போய்வரும்படி வையுங்கள். திருகைத் திருப்புளியால் அசையாமல் பிடித்துக்கொண்டே நட்டை இறுக்குங்கள். இறுக்கும்போது திருகும் கூடச் சேர்ந்து கொஞ்சம் திரும்பும், திரும்பியே தீரும். அதனால் இறுக்கிய பிறகு மறுபடி அளக்க வேண்டும். 0.15 நுழைய வேண்டும், 0.20 நுழையக் கூடாது. முதல் வால்வுக்குப் பொறுமை போய்விடும், நான்காவதில் கை பழகிவிடும்.

ஒன்றாம் சிலிண்டர் முடிந்ததும் புல்லியை இடம் சுற்றாக அரைச் சுற்று திருப்புங்கள்: இரண்டாம் சிலிண்டர். இன்னொரு அரைச் சுற்று, மூன்று. இன்னொன்று, நான்கு. எஞ்சின் வெடிக்கும் வரிசை 1-4-3-2 என்பதால் பின்னோக்கிப் போனால் எண் நேராக வரும். ஒவ்வொரு முறையும் ரோட்டர் கால் சுற்று நகர்ந்ததா என்று பாருங்கள்.

மூடுவது

பழைய கார்க் கேஸ்கெட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதியதை வையுங்கள். ஒட்டுவதென்றால் கவர் பக்கம் மட்டும் ஒட்டுங்கள். ஹெட் பக்கம் வெறுமையாக இருக்கட்டும், இல்லாவிட்டால் அடுத்த தடவை கத்தியோடு அழ வேண்டியிருக்கும். கம்பியை மேலே தள்ளிப் பூட்டி, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை மாட்டி, ஸ்டார்ட் செய்து, பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு அடியில் குனிந்து பாருங்கள்.

குனிந்த கையோடு பெட்ரோல் ஹோஸையும் பார்த்துவிடுங்கள். துணி சுற்றிய ஹோஸில் வெடிப்பு வெளியே தெரியாது; இரண்டு விரலால் மடக்கிப் பாருங்கள். கார்புரேட்டரில் அந்த ஹோஸ் மாட்டும் பித்தளைக் குழாயும் சிலதில் தானாகக் கழன்று வரும், ஆட்டிப் பாருங்கள். இந்த எஞ்சினின் கேஸ் மெக்னீசியக் கலவை. தீப் பிடித்துக்கொண்டால் தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாது. தீயணைப்பானை எஞ்சின் பக்கம் வைக்காமல் டிரைவர் சீட் பக்கம் வையுங்கள்.

ஆயில் மாற்ற வேண்டிய நாளாக இருந்தால் கையோடு அதையும் செய்துவிடலாம். இரண்டரை லிட்டர்தான். ஜெர்மனியில் புது ஆயில் விற்கும் கடை அதே அளவு பழைய ஆயிலைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது சட்டம், ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

பின்சேர்க்கை

இதைப் பார்த்துச் செய்த ஒருவர், ஒன்றாம் சிலிண்டர் பயணி பக்கம் என்று ஒரு வீடியோவில் கேட்டு, இங்கிலாந்து வண்டியில் இடது பக்கம் போய்ப் படுத்திருக்கிறார். ஸ்டியரிங் எந்தப் பக்கம் இருந்தாலும் எஞ்சின் ஒன்றுதான். பயணி பக்கம், டிரைவர் பக்கம் என்ற பேச்சே வேண்டாம். பின்னால் நின்றால் வலது கை, அவ்வளவுதான்.

இன்னொருவருக்கு ஜெனரேட்டர் நட்டைத் திருப்பினால் பெல்ட் வழுக்கியது. கீழே உள்ள பெரிய புல்லி போல்ட்டில் 30 மி.மீ. ஸ்பேனர் போட்டுத் திருப்புங்கள். அதோடு, அந்த பெல்ட்டையும் பாருங்கள். நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் இறங்கலாம். அதற்கு மேல் என்றால் புல்லியின் இரண்டு பாதிகளுக்கு நடுவே உள்ள வாஷரில் ஒன்றை எடுத்து வெளியே மாட்டுங்கள், இறுகிவிடும். குளிர்விக்கும் ஃபேன் அதே பெல்ட்டில்தான் ஓடுகிறது. டேஷ்போர்டில் ஜெனரேட்டரின் சிவப்பு விளக்கு எரிந்தால் பேட்டரி பிரச்சினை என்று நினைத்து ஓட்டிக்கொண்டே போகாதீர்கள், அங்கேயே நிறுத்துங்கள்.

அடிக்கடி வரும் கேள்வி: மூன்றாம் எக்ஸாஸ்டில் இடைவெளி குறைந்திருந்தது, செட் செய்துவிட்டேன், பயணத்தைத் தொடரலாமா? தொடரலாம், சமவெளியில். 500 கிலோமீட்டர் போய் மறுபடி ஒரு காலையில் அளந்து பாருங்கள். 0.15 அப்படியே நின்றால் கவலை இல்லை. மறுபடி குறைந்திருந்தால் அந்த வால்வு நீண்டுகொண்டிருக்கிறது. ஒருநாள் அதன் தலை துண்டாகி பிஸ்டன் மேல் விழும். அதற்கப்புறம் ஹெட், பிஸ்டன், சிலிண்டர் எல்லாம் போகும். இன்னொரு கணவாய்க்கு வண்டியை ஏற்றாமல், பழைய ஃபோக்ஸ்வாகன் தெரிந்த மெக்கானிக் இருக்கும் ஊருக்கு இறங்கி, ஹெட்டைக் கழற்றச் சொல்லுங்கள். நோட்டை அவரிடம் காட்டுங்கள். அதைப் பார்த்தாலே அவருக்குப் புரிந்துவிடும்.