பேச்சைப் பதியும்போது கேட்பவரையும் பதியுங்கள்

பெங்களூரு அல்சூர் மார்க்கெட்டில் பூ விற்கும் அக்கா வாடிக்கையாளரிடம் "வாங்கம்மா, எத்தன மொழம்?" என்பார். மகனிடம் "எங்கடா போன?" போலீஸ்காரர் வந்தால் "பன்னி சார்" (வாங்க சார்) என்று கன்னடம். வாக்கியத்தை மட்டும் கொடுத்தால், பேச்சைக் கற்கும் AI மாடலுக்கு இது மூன்று ஆட்களின் பேச்சு.

முதலில் சம்மதம் வாங்குங்கள். பிறகு ஒவ்வொரு பதிவுக்கும் பேசுபவர், கேட்பவர், உறவு, இடம் நான்கையும் குறியுங்கள். பெயருக்குப் பதில் எண் போதும். கன்னடச் சொல்லைப் பிழை என்று திருத்தாதீர்கள், எனக்குக் கெட்ட கோபம் வரும்!

1962இல் நியூயார்க் கடைகளில் மொழியியலாளர் வில்லியம் லபோவ் ஊழியர்களிடம் ஒரு கேள்வி கேட்டு, பதில் காதில் விழாததுபோல் மறுபடி கேட்டார். அவர்கள் இரண்டாம் தடவை சொன்னபோது, அந்த ஊர்ப் பேச்சில் பலர் விழுங்கிவிடும் 'ர்' ஒலி கூடுதலாக வந்தது. எனவே திருப்பிச் சொன்னதைத் தனியாகப் பதியுங்கள்.

ஒரே ஆளின் பேச்சைப் பயிற்சிக்கும் சோதனைக்கும் பங்கு போடாதீர்கள். மாடல் ஆளை மனப்பாடம் செய்துவிட்டு மதிப்பெண் வாங்கிவிடும்.