கூகுளில் நம் சைட்: பார்ப்பதில் ஒரு தவறு, திருத்துவதில் பல தவறு

உடன்குடிப் பக்கம் கருப்பட்டி வியாபாரம் செய்கிற அண்ணாச்சி ஒருவருக்கு சைட் போட்டுக் கொடுத்திருந்தேன். மூன்றாவது வாரமே காலையில் போன் வந்தது. "தம்பி, நம்ம சைட்டு கூகுள்ல முதல்ல வந்துட்டுல்லா!" என்ன போட்டுத் தேடினீர்கள் என்று கேட்டேன். கடைப் பெயரைப் போட்டிருக்கிறார். அதுவும் கடைக்குள் உட்கார்ந்துகொண்டு, தினமும் பத்து தடவை அந்த சைட்டைத் திறக்கிற அதே போனில்.

கடைப் பெயர் தெரிந்தவர் ஏற்கெனவே நம் வாடிக்கையாளர். அந்தப் பெயரில் ஊர் உலகத்தில் வேறு சைட் இல்லாதபோது கூகுள் வேறு யாரைத்தான் காட்டும்? பெயரே தெரியாத ஒருவர், "நல்ல கருப்பட்டி எங்கே கிடைக்கும்" என்று தேடும்போது வருகிறோமா என்பதுதான் கேள்வி. ரேங்க் (கூகுள் பட்டியலில் எத்தனையாவது இடம்) விஷயத்தில் நான் பார்த்த குழப்பங்களில் பாதி இங்கேதான் தொடங்குகிறது. சைட்டில் கோளாறு தேடுவதற்கு முன்பு, பார்க்கிற விதத்தைச் சரி செய்ய வேண்டியிருக்கிறது.

சொந்த போனில் தேடிப் பார்ப்பது

நீங்கள் எங்கே இருக்கிறீர்கள், எந்த மொழியில் போனை வைத்திருக்கிறீர்கள் என்பதையெல்லாம் வைத்துத்தான் கூகுள் பதில் தருகிறது. உடன்குடியில் இருந்து தேடினால் வருகிற பட்டியல் வேறு, சென்னை தாம்பரத்தில் இருந்து தேடினால் வருவது வேறு. பழைய தேடல்களைக் கணக்கில் எடுக்காத இன்காக்னிடோ ஜன்னலில் தேடினால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அதில் பழைய தேடல்களின் பாதிப்பு போகும், இருக்கும் இடம் போகாது. மேலே மேப்போடு வருகிற மூன்று கடைகளைப் பார்த்து "நம்ம சைட் வந்துவிட்டது" என்று சொல்வதும் உண்டு. அது கடையின் கூகுள் பிசினஸ் புரொஃபைல், அதாவது மேப்பில் காட்டப்படும் கடை விவரம். அதன் கணக்கு வேறு.

இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. சின்ன சைட்டுகளில், முதலாளியே தேடித் தேடிப் பார்ப்பது கணக்கிலும் ஏறிவிடும். ஒரு சொல்லுக்கு மாதம் 60 முறை சைட் காட்டப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 20 அவருடையதாகவே இருக்கலாம்.

சரி, எங்கே பார்ப்பது? கூகுள் சர்ச் கன்சோல். இலவசம். 2015 வரை வெப்மாஸ்டர் டூல்ஸ் என்று பெயர். எந்தச் சொல்லுக்குக் காட்டப்பட்டோம், எத்தனை பேர் கிளிக் செய்தார்கள், சராசரியாக எத்தனையாவது இடம் என்று எல்லாம் அதில் இருக்கும். ஆனால் சைட்டை அதில் சேர்த்த பிறகுதான் கணக்கு சேரத் தொடங்கும். பிசினஸ் படுத்த பிறகு அவசரமாகச் சேர்த்துவிட்டு, போன வருஷ நிலவரத்தைக் காட்டு என்றால் அது எங்கே போகும்? சேர்த்தபின்னும் 16 மாதக் கணக்குதான் வைத்திருக்கும். இரண்டு வருஷத்தை ஒப்பிட ஆசை இருந்தால் மாதம் ஒருமுறை டவுன்லோட் செய்து வைப்பது நம் வேலை. சேர்க்கும்போது டொமைன் (சைட்டின் மூலப் பெயர்) முழுவதையும் சேர்த்துவிடுங்கள். ஒரே ஒரு முகவரியை மட்டும் சேர்த்தால், முன்னால் டபிள்யூ டபிள்யூ டபிள்யூ இருக்கிற பக்கங்கள் ஒரு கணக்கிலும் இல்லாதவை இன்னொரு கணக்கிலும் போய்விடும்.

சராசரி என்கிற ஏமாற்று

சர்ச் கன்சோலுக்குள் போனவர்கள் அடுத்து மாட்டிக்கொள்ளும் இடம் சராசரி இடம் என்கிற எண். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதைப் பார்த்துப் பயந்து நன்றாக ஓடிக்கொண்டிருந்த பக்கங்களைக் கலைத்தவர்கள் எனக்குத் தெரியும்.

"கருப்பட்டி விலை" என்று தேடினால் நம் பக்கம் 3ஆவது இடம், 100 முறை காட்டப்பட்டது. சராசரி 3. அடுத்த மாதம் கருப்பட்டிக் காபி பற்றி ஒரு பக்கம் எழுதுகிறோம். அது 43ஆவது இடத்தில் 100 முறை காட்டப்படுகிறது. பழைய பக்கம் அசையவே இல்லை, அதே 3. இப்போது மொத்த சராசரி என்ன? 23. மேலே தெரிகிற எண்ணை மட்டும் பார்த்தவருக்கு நெஞ்சு அடைத்துவிடும். நடந்ததோ, புதிதாக ஒரு தேடலில் கால் வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். அதனால் மொத்த சராசரியைப் பார்ப்பதையே விட்டுவிடுங்கள். ஒரு சொல், ஒரு பக்கம், ஒரு நாடு என்று வடிகட்டிப் பாருங்கள். தமிழ் சைட்டுக்கு இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று நாலா பக்கமிருந்தும் ஆள் வருவார்கள். உள்ளூரில் மட்டும் சரக்கு அனுப்புகிறவருக்கு அந்த எண்கள் கலந்திருப்பது குழப்பம்தான்.

43ஆவது இடம் என்றால் ஐந்தாவது பக்கம். அதுவரை போய்ப் பார்க்கிற மனிதர் யார் என்று கேட்டால் நியாயமான கேள்விதான். பல நேரம் மனிதரே இல்லை. ரேங்க் பார்க்கும் டூல்கள் ஒரே தடவையில் 100 முடிவுகளைக் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தன. அதெல்லாம் "காட்டப்பட்டது" என்ற கணக்கில் ஏறிக்கொண்டிருந்தது. 2025 செப்டம்பரில் கூகுள் அந்த 100 முடிவு வசதியை நிறுத்தியது. உடனே பல சைட்டுகளில் இம்ப்ரெஷன் (காட்டப்பட்ட எண்ணிக்கை) சரிந்தது, சராசரி இடம் திடீரென்று நன்றாகிவிட்டது, கிளிக் மட்டும் அப்படியே இருந்தது. சரிவைப் பார்த்து அழுதவர்களும் உண்டு, உயர்வைப் பார்த்து "என் வேலைதான்" என்று பில் போட்டவர்களும் உண்டு. உங்கள் வரைபடத்தில் அந்த மாதத்தைத் தாண்டி ஒப்பிடும்போது இதை நினைவில் வையுங்கள்.

ஒப்பிடுவதில் நம் ஊருக்கென்றே ஒரு பொறி இருக்கிறது. பண்டிகை. 2024இல் தீபாவளி அக்டோபர் 31. 2025இல் அக்டோபர் 20. அக்டோபர் கடைசி வாரத்தைப் போன வருஷத்தின் அதே வாரத்தோடு ஒப்பிட்டால், பலகாரக் கடை சைட் பாதாளத்துக்குப் போனது போலத் தெரியும். தேதியை விட்டுவிட்டு, இந்த வருஷ தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரத்தை, போன வருஷ தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

நம் சொல்லும் வாங்குபவர் சொல்லும்

அண்ணாச்சி சைட் முழுக்க "பனைவெல்லம்" என்று எழுதச் சொன்னார். கொஞ்சம் கௌரவமாக இருக்குமாம். கடையில் வந்து பனைவெல்லம் கேட்டவர்கள் எத்தனை பேர் என்று கேட்டேன். சிரித்துவிட்டார். வாங்குபவர் கருப்பட்டி என்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர் பனங்கட்டி என்பார். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுகிறவர்கள் ஒருவர் எழுதுவது போல இன்னொருவர் எழுதுவதில்லை. சந்தி எழுத்தை விட்டு எழுதுபவர்கள் தனி. இதையெல்லாம் ஊகிக்க வேண்டியதில்லை, சர்ச் கன்சோலில் வரிசையாக இருக்கும். அதைப் பார்த்து, ஒரே பக்கத்தில் இயல்பாக வருகிற இடத்தில் இரண்டு மூன்று பெயரையும் சொன்னால் போதும்.

போதும் என்று சொன்னேன். இதைக் கேட்டுவிட்டு ஒரே பத்தியில் பதினாறு கருப்பட்டி போடுகிறவர்கள் இருக்கிறார்கள். வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் ஒளித்துவைக்கிற பழைய வித்தையும் இன்னும் சாகவில்லை. மெட்டா கீவேர்ட்ஸ் பெட்டியை (பார்வையாளர் கண்ணுக்குத் தெரியாமல் தேடல் சொற்களை எழுதிவைக்கும் இடம்) நிரப்பக் காசு வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். ரேங்க் போட அந்தப் பெட்டியைப் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009இலேயே சொல்லிவிட்டது.

ஊர் பெயரை மட்டும் மாற்றி முப்பது பக்கம் போடுவதும் இதே வகை. சென்னையில் கருப்பட்டி, கோவையில் கருப்பட்டி, உள்ளே அதே நாலு வரி. இப்படித் தேடுபொறிக்காக மட்டும் வாசல் பக்கங்கள் வைத்ததற்காக 2006இல் பிஎம்டபிள்யூவின் ஜெர்மனி சைட்டையே கூகுள் பட்டியலிலிருந்து தூக்கியது. அவர்களைச் சில நாளில் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். கருப்பட்டிக் கடைக்கு அந்த மரியாதை கிடைக்குமா தெரியவில்லை.

விலைக்கு வாங்கும் லிங்க்

"ஐயாயிரம் ரூபாய், ஐந்நூறு பேக்லிங்க்." பேக்லிங்க் என்றால் வேறு சைட்டுகளிலிருந்து நம் சைட்டுக்கு வரும் லிங்க், அது கூடினால் ரேங்க் ஏறும் என்பது கணக்கு. இந்த மெயில் வராத சைட் முதலாளி இல்லை. அமெரிக்காவில் ஜேசி பென்னி என்ற பெரிய கடை, 2010 கடைசியில் பண்டிகை சீசனில், ஆடை முதல் படுக்கை விரிப்பு வரை கணக்கில்லாத சொற்களுக்கு முதலிடத்தில் நின்றது. சம்பந்தமே இல்லாத நூற்றுக்கணக்கான சைட்டுகளிலிருந்து காசு கொடுத்த ஆயிரக்கணக்கான லிங்க்குகள் என்று 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் வெளியே கொண்டுவந்தது. கூகுள் கையை வைத்தது. சாம்சோனைட் பெட்டி ஒன்றுக்கான தேடலில் இரவு 7 மணிக்கு முதலிடத்தில் இருந்தவர்கள், இரண்டு மணி நேரம் கழித்து 71ஆவது. அடுத்த வருஷம் ஏப்ரலில் பெங்குவின் என்ற அப்டேட் (பட்டியல் போடும் முறையில் கூகுள் செய்யும் மாற்றம்) வந்தபோது இந்த வேலை யாரும் கை வைக்காமலே தானாக நடக்க ஆரம்பித்தது. இப்போதெல்லாம் இப்படிப்பட்ட லிங்க்கை கூகுள் பெரும்பாலும் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறது. அதாவது ஐயாயிரம் ரூபாய் போச்சு, அவ்வளவுதான். மாட்டினால்தான் கூடுதல் தண்டனை.

சைட்டைப் புதுப்பிக்கும்போது

பெரிய சேதம் நடப்பது இங்கே. புது டிசைன் முடியும்வரை கூகுள் கண்ணில் படக் கூடாது என்று சைட் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸின் செட்டிங்ஸில் டெவலப்பர் ஒரு டிக் போடுவார். தேடுபொறிகள் இதைச் சேர்க்க வேண்டாம் என்கிற டிக். சைட் திறப்பு விழா முடிந்து, வாட்ஸ்அப்பில் வாழ்த்தெல்லாம் வந்து, டிக்கை எடுக்க மறந்துபோகும். ஒவ்வொரு பக்கமாக கூகுளிலிருந்து உதிர்வதைப் பார்த்து "அப்டேட் அடித்துவிட்டது" என்பார்கள். ரேங்க் திடீரென்று விழுந்தால் நான் முதலில் பார்ப்பது இந்த டிக்கைத்தான். இதன் தலைகீழ் தவறும் உண்டு. ஒரு பக்கத்தை மறைக்க நோஇண்டெக்ஸ் (இதைப் பட்டியலில் சேர்க்காதே என்று பக்கத்துக்குள் எழுதும் குறிப்பு) போட்டுவிட்டு, எந்தப் பக்கத்துக்குள் வரக் கூடாது என்று தேடுபொறிக்குச் சொல்லும் ரோபோட்ஸ் ஃபைலிலும் அதைத் தடுத்துவிடுவார்கள். கூகுள் உள்ளே வந்து படித்தால்தானே நோஇண்டெக்ஸ் இருப்பது தெரியும்?

அப்புறம் முகவரி மாற்றம். பழைய பக்கத்தின் முகவரி மாறினால் 301 ரீடைரக்ட் (பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்கு நிரந்தரமாகத் திருப்பிவிடுவது) போட்டு, குறைந்தது ஒரு வருஷம் அப்படியே விட்டுவைக்க வேண்டும். சோம்பேறித்தனமாக எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டால், பக்கமே இல்லாதது போலத்தான் கூகுள் எடுத்துக்கொள்ளும்.

தமிழில் முகவரி வைப்பது பற்றி ஒரு சின்னக் கணக்கு. முகவரியில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் உள்ளே ஒன்பது எழுத்தாக மாறும். மெய்யின் புள்ளியும், உகர இகரக் கொக்கியும் தனித்தனிக் குறிகள். "கருப்பட்டி" என்பது 10 குறி, ஆக 90 எழுத்து. வேர்ட்பிரஸ் 200 எழுத்தோடு வெட்டிவிடும். "உடன்குடி கருப்பட்டி வாங்கும் முறை" என்று தலைப்பு வைத்தால் முகவரி "உடன்குடி-கருப்பட்டி-வாங்" என்று நின்றுவிடும். ரேங்க் இதனால் விழாது, முகவரியில் உள்ள சொல்லுக்கு அவ்வளவு எடை கிடையாது. ஆனால் வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பூரான் ஊர்ந்த மாதிரி பாதித் திரை சதவீதக் குறியாக வரும். கிளிக் பண்ணத் தயங்குவார்கள். நான் ஆங்கில எழுத்தில் சின்னதாக வைத்துவிடுகிறேன்.

விலைப்பட்டியலைப் படமாகப் போடுவது, யூனிகோட் இல்லாத பழைய எழுத்துருவில் செய்த பிடிஎஃப்பை ஏற்றுவது, இரண்டும் அண்ணாச்சி சைட்டிலும் இருந்தன. பழைய எழுத்துரு நம் கண்ணுக்குத்தான் தமிழ். அந்த வரியைக் காப்பி செய்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். வருகிற ஆங்கிலக் கிறுக்கல்தான் கூகுளுக்கும் கிடைக்கிறது.

வாராவாரம் கை வைப்பது

திங்கள்கிழமை தலைப்பை மாற்றி, வியாழக்கிழமை ரேங்க் ஏறவில்லை என்று மறுபடி மாற்றுகிறவர்களுக்கு எதனால் என்ன நடந்தது என்று கடைசிவரை தெரியாது. 2024 மார்ச்சில் வந்த கோர் அப்டேட் (பட்டியல் போடும் முறையில் கூகுள் செய்த பெரிய மாற்றம்) முழுசாகப் பரவி முடிக்கவே 45 நாள் ஆனது. அந்த நேரத்தில் நாம் செய்த மாற்றமா, அவர்கள் செய்த மாற்றமா என்று எப்படிப் பிரிப்பது?

அண்ணாச்சியை ஒரு நோட்டு போடச் சொன்னேன். சைட்டில் எதைத் தொட்டாலும் தேதி போட்டு ஒரு வரி. கடன் கணக்கு எழுதுகிற அதே நீள நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதத் தொடங்கினார். நாலு மாதம் கழித்து, விலைப் பக்கத்துக்கு வருகிற கிளிக் பாதியாகிவிட்டது. கூகுள் ஏதோ செய்துவிட்டது என்று நானே முடிவு கட்டியிருந்தேன். அவர் நோட்டைப் புரட்டி, விரலை வைத்துப் படித்தார்: "14ஆம் தேதி. மருமகன் போட்டோ பெரிசாப் போட்டான். விலையை எடுத்துட்டு, போன் பண்ணிக் கேக்கவும்னு எழுதிட்டான்."