இரண்டு சிபியுவுக்கு ஒரே மானிட்டர்

திருநெல்வேலி டவுனில் ரத வீதியை ஒட்டிய சந்தில் என் டிடிபி கடை. எட்டடிக்குப் பத்தடி. கோயில் கொடை விழா நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று பழைய ஃபைல் எல்லாம் பேஜ்மேக்கர் 7.0-ல் கிடக்கிறது. 2001-ல் வந்த, பக்கம் வடிவமைக்கும் சாஃப்ட்வேர். அதனால் பழைய சிபியுவைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. யூனிகோடுக்கும் ஆன்லைன் வேலைக்கும் புதுசு ஒன்று வாங்கினேன். மேசையில் இரண்டு மானிட்டருக்கு இடம் ஏது? அப்படித்தான் கேவிஎம் சுவிட்ச் வாங்கினேன். ஒரு கீபோர்டு, ஒரு மவுஸ், ஒரு மானிட்டர் போதும். பட்டனைத் தட்டினால் அடுத்த சிபியு வந்துவிடும்.

கடைக்குப் போகும் முன் இரண்டு சிபியுவின் பின்பக்கத்தையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மானிட்டர் கேபிள் செருக என்னுடைய பழையதில் விஜிஏ என்ற பழைய வகை இடம் மட்டும்தான், புதியதில் எச்டிஎம்ஐ என்ற புது வகை. சுவிட்ச் எச்டிஎம்ஐ என்றால், பழையதற்கு விஜிஏவை எச்டிஎம்ஐ ஆக்கும் கன்வெர்ட்டர் வேண்டும். வெறும் கேபிள் உதவாது; சிக்னலை மாற்ற உள்ளே சிப் வேண்டும், அதற்குக் கரண்டும் வேண்டும். அதன் யுஎஸ்பி வயரை அதே சிபியுவில் செருகுங்கள். எனக்குக் கடையில் கொடுத்தது தலைகீழான கன்வெர்ட்டர். பார்க்க ஒரே மாதிரி இருந்ததால் ஒரு நாள் முழுக்கக் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்திரிகை ப்ரூஃபுக்கு வந்த பிள்ளை, “யக்கா, நாளைக்கு வரட்டா?” என்று கேட்டுவிட்டுப் போனான். எது உள்ளே, எது வெளியே என்று அட்டையைப் படித்தே வாங்குங்கள்.

4கே என்ற மிக நுணுக்கமான மானிட்டர் வைத்திருப்பவர்கள் எச்டிஎம்ஐ 2.0 சுவிட்ச் கேளுங்கள். 1.4-ல் 4கே படம் நொடிக்கு 30 முறைதான் புதுப்பிக்கும். மவுஸ் இழுத்த மாதிரி நகரும். சாதாரண 1080 மானிட்டருக்கு 1.4 தாராளம்.

மாட்டும்போது எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு சிபியுவிலிருந்தும் ஒரு வீடியோ கேபிள், ஒரு யுஎஸ்பி கேபிள். என் சுவிட்சில் இந்த யுஎஸ்பியின் ஒரு முனை பிரிண்டர் கேபிள் மாதிரி சதுரமாக இருக்கும். ஒரு சிபியுவின் இரண்டு கேபிளும் சுவிட்சில் ஒரே எண்ணுள்ள இடத்தில் போக வேண்டும். மாறினால் திரை ஒன்றுக்கும் கீபோர்டு இன்னொன்றுக்கும் போய்விடும். அப்புறம் மானிட்டர், கீபோர்டு, மவுஸ்.

ஆன் செய்யும்போது, எந்த சிபியு எழுகிறதோ சுவிட்ச் அந்தப் பக்கமே இருக்கட்டும். இல்லையென்றால் மானிட்டரே இல்லை என்று நினைத்து, எழுத்தெல்லாம் பெருத்த தப்பான அளவில் வந்து நிற்கும். என் பழையதுக்கு இது அடிக்கடி வரும்.

பழகக் கொஞ்ச நாள் எடுத்தது விரலுக்குத்தான். ‘யளனகபக’ என்று டைப்ரைட்டிங் படித்த கை எனக்கு. பழையதில் அதே முறை, இடது கையில் ‘க’. புதியதில் தமிழ் 99 என்ற வேறு கீபோர்டு முறை; ‘க’ வலது கைக்கு வந்துவிடும். சுவிட்ச் மாறினாலும் கை மாறாது. சாமி பெயரிலேயே தப்பு விழுந்தது. இப்போது ஒவ்வொரு தடவையும் ஒரு சொல் அடித்துப் பார்த்துவிட்டே வேலையைத் தொடங்குகிறேன்.

பென் டிரைவை மட்டும் சுவிட்சின் யுஎஸ்பியில் போடாதீர்கள். காப்பி ஓடும்போது பட்டனைத் தட்டினால் அது பிடுங்கிய மாதிரிதான். ஒரு கொடை நோட்டீஸ் எனக்கு அப்படியே போனது. நேராக சிபியுவிலேயே செருகுங்கள்.