ஓக் நாற்று நடும்போது வேரைக் காயவிடாதீர்கள்

முதல் தடவை 20 ஓக் நாற்று நட்டேன். 11 போய்விட்டது. மண் சரியில்லை, எலி கடித்திருக்கும் என்று என்னென்னவோ காரணம் தேடினேன். நடந்தது இதுதான்: குழிகளை எல்லாம் வெட்டி, குழிக்கு ஒன்றாக நாற்றை வெளியே போட்டுவிட்டு, இடுப்பு வலிக்கிறது என்று உட்கார்ந்தேன். நல்ல காற்று. அந்த அரை மணி நேரத்தில் சல்லிவேர் எல்லாம் நூல் மாதிரி சுருண்டுவிட்டது.

வேரில் மண் இல்லாமல் வரும் நாற்று, இலையுதிர்த்து உறங்கும்போது பிடுங்கியது. பார்வைக்கு வெறும் குச்சி. குளிர்காலத்தில், மொட்டு விரிவதற்குள் நட்டுவிட வேண்டும். மண் உறைந்திருந்தாலோ தண்ணீர் தேங்கியிருந்தாலோ அன்று வேண்டாம். உடனே நட முடியவில்லையா? நிழலில் சின்ன வாய்க்கால் வெட்டி, வேரை ஈர மண்ணால் மூடி, சாய்த்துப் படுக்க வையுங்கள். சில வாரம் தாங்கும்.

உயரமான நாற்றுக்கு ஆசைப்படாதீர்கள். 40-60 செ.மீ. போதும். பெரிய தண்டுக்குத் தண்ணீர் ஏற்ற, வெட்டுப்பட்ட வேரால் முடியாது.

நடும் நாளில் வேரை ஒரு மணி நேரம் வாளித் தண்ணீரில் ஊறவையுங்கள். ராத்திரி முழுக்க விட்டுவிடாதீர்கள், வேருக்கும் மூச்சு வேண்டும். பிறகு ஈரச் சாக்கில் சுற்றி, குழி தயாரானதும் ஒவ்வொன்றாக எடுங்கள். நசுங்கிய வேர் நுனியை மட்டும் கத்தரிக்கலாம். ஆணிவேர் நீளம் என்பதற்காகக் குழியில் மடக்கித் திணிக்காதீர்கள். குழியை இன்னும் ஆழமாக வெட்டுங்கள்.

தண்டின் அடியில் நிறம் மாறும் இடம் ஒன்று இருக்கும், விரலால் தடவினால் லேசாகப் புடைத்திருக்கும். அதுதான் கழுத்து. அது மண் மட்டத்தில் நிற்க வேண்டும். புதைந்தால் பட்டை அழுகும். வெட்டிய மண்ணையே திரும்பப் போடுங்கள், உரம் வேண்டாம். குதிகாலால் மிதித்து இறுக்கிவிட்டு, நாற்றின் நுனியைப் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். கையோடு வந்தால் உள்ளே காற்று இருக்கிறது. திரும்ப மிதியுங்கள், தண்ணீர் ஊற்றுங்கள்.

புல்லைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஈரத்தை முதலில் குடிப்பது அதுதான். நாற்றைச் சுற்றி 1 மீட்டர் அகல வட்டத்துக்கு மூன்று வருடம் புல் முளைக்கக் கூடாது. மண்ணை மூட மரச்சிராய் மூடாக்கு 7 செ.மீ. கனம் போட்டேன், தண்டை மட்டும் தொடவிடவில்லை. முயல் கடிக்க வரும் இடமென்றால் தண்டைச் சுற்றி 60 செ.மீ. உயரப் பாதுகாப்பு உறை போதும், மான் வந்தால் 1.2 மீட்டராவது வேண்டும்.

அப்புறம் பொறுமை. ஓக் தாமதமாகத்தான் துளிர்க்கும், முதல் வருடம் வளர்ந்த மாதிரியே தெரியாது. வேலை எல்லாம் மண்ணுக்குள். சந்தேகம் வந்தால் பட்டையை நகத்தால் சுரண்டுங்கள்; உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக இருந்தாலும் அவசரப்பட்டுப் பிடுங்காதீர்கள். நான் செத்தது என்று ஒதுக்கிய ஒரு குச்சி, கோடை நடுவில் கழுத்துக்கு அடியிலிருந்து இரண்டு தளிர் விட்டது. நேரானதை வைத்துக்கொண்டு, மற்றதை அடுத்த குளிர்காலத்தில் வெட்டினேன். இப்போது என் தோள் உயரம்.