நம்ம ஊழியரை கேமரா முன் நிறுத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவையில் பம்ப், கிரைண்டர், லேத் கம்பெனிகளுக்கு வீடியோ எடுத்துக் கொடுப்பது என் தொழில். இப்போது மாடலை வைத்து எடுக்காமல் சொந்த ஊழியர்களையே பேச வைக்கிறார்கள். வரவேற்க வேண்டியதுதான். ஆனால் புதிதாக இந்த வேலைக்கு வரும் தம்பிகள் நாங்கள் ஆரம்பத்தில் விழுந்த அதே குழிகளில் வரிசையாக விழுகிறார்கள். பேட்டரி சார்ஜ் போட மறப்பது, மைக்கை ஆன் செய்யாமல் விடுவது பற்றியெல்லாம் எழுதப் போவதில்லை. ஒரு தடவை பட்டால் தானே வந்துவிடும்.

எழுதிக் கொடுத்து ஒப்பிக்க வைப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும்.

ஒரு போர்வெல் மோட்டார் கம்பெனி, பெயர் வேண்டாம். சர்வீஸ் பிரிவில் தலை நரைத்த மெக்கானிக் அண்ணன் ஒருவர். டீலர்கள் சந்தேகமென்றால் நேராக அவருக்குத்தான் போன் போடுவார்கள். பேச வைக்க அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. ஆனால் மார்க்கெட்டிங் பையன் ஒரு தாளை நீட்டினான். "எங்கள் நிறுவனத்தின் அதிநவீனத் தொழில்நுட்பத்தில் உருவாக்கப்பட்டு..." என்று ஆரம்பித்து, வினைச்சொல் வந்து சேர்வதற்குள் மூச்சு முட்டும் வாக்கியங்கள். அண்ணன் 'தொழில்நுட்பத்தில்' வரை வருவார், தடுமாறுவார், "மன்னிச்சுக்குங்க, மறுக்கா சொல்றனுங்க" என்பார். மதியம் தாண்டியும் இதே கதை. சத்தம் வரக்கூடாதென்று பக்கத்திலிருந்த டெஸ்டிங் பிரிவை நிறுத்தியிருந்தார்கள். அன்றைக்குப் போக வேண்டிய லோடு போகவில்லை. என் பில்லைவிட அந்த நஷ்டம் பெரிது.

டீ குடிக்கும்போது அவரிடம் சும்மா கேட்டேன்: "மோட்டார் எதனாலண்ணா ரிப்பேருக்குத் திரும்பி வருது?"

"தண்ணி ஊத்தாம இறக்கிப் போடறாங்கங்க. நம்ம மோட்டாருக்குள்ள நல்ல தண்ணி நிரப்பித்தானுங்க குழியில இறக்கோணும். சூட்டை இழுக்கறதும் அந்தத் தண்ணிதான், பேரிங்கு வழுக்கிட்டு ஓடறதும் அதுலதான். அது இல்லாம ஓட்டுனா பேரிங்கு தேஞ்சு ஜாமாயிருமுங்க." கையிலிருந்த டம்ளரைச் சாய்த்து, எந்தத் துளையில் ஊற்ற வேண்டும், காற்று எப்படி வெளியேற வேண்டும் என்று காட்டினார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. விவசாயிக்கு வேண்டியது அதுதான். கேமரா பைக்குள் கிடந்தது. இதையே எடுத்துவிடலாம் என்றதற்கு, "தாளில் இல்லையே சார்" என்றான் பையன்.

ஆகவே தாள் வேண்டாம், கேள்வி போதும். தினமும் அவர் எந்தப் பழுதைப் பார்க்கிறார், வாங்கியவர்கள் எங்கே தப்புச் செய்கிறார்கள் என்று கேளுங்கள். உங்கள் குரலை எடிட்டிங்கில் வெட்டிவிடுவீர்கள் என்பதால் கேள்வியையும் சேர்த்துப் பதில் சொல்லச் சொல்லுங்கள்: "மோட்டார் எதனால திரும்பி வருதுன்னா..." கையில் பொருளைக் கொடுங்கள், கை வேலை செய்தால் வாய் தானாகப் பேசும். எழுதியதைக் கேமரா முன் திரையில் ஓடவிட்டுப் படிக்க வைக்கும் டெலிபிராம்ப்டரும் இதற்குத் தீர்வாகாது. பழக்கமில்லாதவர் படிக்கும்போது கண் இடமிருந்து வலம் ஓடுவது அப்படியே தெரியும். கொங்குப் பேச்சைத் திருத்தாதீர்கள். பொள்ளாச்சித் தோட்டக்காரர் அந்த 'ங்க'வைக் கேட்டுத்தான் காது கொடுப்பார்.

முதலாளி பக்கத்தில் நிற்பது

வெளியே அனுப்பிவிடுங்கள்.

படத்துக்காக வேஷம் போடுவது

லேத் ஓட்டுபவருக்குப் புது கையுறை மாட்டிவிட்டு "சேஃப்டியா இருக்கும்ல" என்கிறார்கள். சுழலும் மெஷினில் கையுறை சிக்கினால் கையையும் சேர்த்து இழுத்துவிடும், அதனால்தான் அங்கே போடக்கூடாது என்கிறார்கள். தொழில் தெரிந்தவன் அந்த ஒரு ஷாட்டைப் பார்த்ததும் மிச்சத்தையும் நம்பமாட்டான்.

சம்மதத்தை வாயால் வாங்குவது

முதலாளியே விளம்பரத்தில் நிற்பது நமக்குப் பழகிய காட்சி. வசந்த் அண்ட் கோ, லலிதா ஜுவல்லரி, லெஜண்ட் சரவணா என்று எத்தனையோ பார்த்துவிட்டோம். அவர்கள் நின்றது அவரவர் விருப்பம். ஊழியரிடம் முதலாளி "நிக்கறயாப்பா?" என்றால் அவர் எப்படி மாட்டேன் என்பார்? சூப்பர்வைசர் இல்லாத இடத்தில் தனியாகக் கேளுங்கள், தமிழில் எழுதி வாங்குங்கள்: எந்தெந்தத் தளத்தில் வரும், எத்தனை வருஷம் ஓடும், வேலையை விட்டுப் போனால் என்ன செய்வோம். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும், கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறும் உரிமை உண்டு. மோட்டாருக்குக் கம்பி சுற்றும் வைண்டிங் பிரிவில் வேலை செய்யும் அக்கா வீட்டில் யோசிக்க வேண்டும் என்றால் விட்டுவிடுங்கள். முகம் காட்டாமல் கையை மட்டும் எடுத்தாலும் காயில் கட்டும் அழகு அருமையாக வரும்.

ஒருவரையே எல்லா வீடியோவிலும் நிறுத்தாதீர்கள். அவர் போட்டிக் கம்பெனிக்கு மாறினால் மொத்தத்தையும் இறக்க வேண்டியிருக்கும். இரண்டு மூன்று பேர் தனித்தனித் துண்டாகப் பேசியிருந்தால் ஒரு துண்டை மட்டும் மாற்றினால் போதும்.

ஐடி கார்டு

கழற்றச் சொல்லுங்கள். பெயரும் போன் நம்பரும் அதில் இருக்கும்.

டியூப் லைட் மினுக்கு

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கேமரா அதோடு ஒத்துப்போகாவிட்டால் வீடியோவில் வெளிச்சம் மினுக்கும். நொடிக்கு 25 பிரேமில் எடுத்து ஷட்டரை 1/50-இல் வையுங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்காத மலிவு எல்இடி என்றால் அந்த விளக்கை அணைத்துவிட்டு, ஆளை ஷெட்டின் கதவுப் பக்கம் நகர்த்துங்கள்.