சிறுகோளைப் படத்தில் கண்டுபிடிக்க ஒரு சின்ன வழி

சிறுகோள் எது, விண்மீன் எது என்று வரைபடத்தோடு ஒவ்வொரு புள்ளியாக ஒப்பிட்டுக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். வானில் ஒரே இடத்தை ஒரு மணி நேர இடைவெளியில் மூன்று படம் எடுங்கள். விண்மீன்கள் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தும்படி அடுக்கி, மாற்றி மாற்றித் திரையில் காட்டுங்கள். எல்லாம் அசையாமல் நிற்க, ஒரு புள்ளி மட்டும் தாவும். அதுதான் நம்ம ஆள்.

முதன்மைப் பட்டைச் சிறுகோள்கள் (செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையில் சுற்றுபவை) சூரியனுக்கு எதிர்ப்புறம் வரும் நாட்களில் மணிக்கு ஏறத்தாழ 30 முதல் 40 ஆர்க்செகண்ட் (ஒரு ஆர்க்செகண்ட் என்பது ஒரு டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு) நகரும். 1000 மி.மீ. குவியத் தூரமுள்ள தொலைநோக்கியில், 4 மைக்ரான் பிக்சல் கேமராவில், அது கிட்டத்தட்ட 40 பிக்சல்; கண்ணுக்குத் தப்பாது. இரண்டு படம் போதாதா என்றால், சென்சாரின் பழுதான பிக்சலும் அடுக்கிய பிறகு இதே போலத் தாவி ஏமாற்றும். ஒவ்வொரு படத்துக்கும் முன் தொலைநோக்கியை இஷ்டத்துக்குத் துளி நகர்த்திவிடுங்கள். பழுது கோணல்மாணலாகத் தாவும், சிறுகோள் நேர்கோட்டில் சம இடைவெளியில் போகும்.

24 மி.மீ. போன்ற அகலக்கோண லென்ஸில் இது எடுபடாது; ஒரு மணி நேர நகர்வு ஏறத்தாழ ஒரு பிக்சலில் அடங்கிவிடும். சிறுகோள் வானில் திசை மாறிப் பின்னோக்கித் திரும்பும் நாட்களிலும் அப்படித்தான், கிட்டத்தட்ட நின்றுவிடும்; அப்போது அடுத்த இரவு எடுத்த படத்தோடு ஒப்பிடுங்கள்.