பூனை விடாமல் வாந்தி எடுக்கிறதா? குடல் அடைப்பா என்று பாருங்கள்

எப்போதாவது முடி உருண்டையைக் கக்கினால் பயப்பட வேண்டாம். ஆனால் ஒரே நாளில் நாலைந்து தடவை வாந்தி, குடித்த தண்ணீர்கூடத் தங்கவில்லை, சாப்பாட்டை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்கிறது, கட்டிலுக்கு அடியில் சுருண்டு கிடக்கிறது, வயிற்றைத் தொட்டால் சீறுகிறது என்றால் குடல் அடைப்பைச் சந்தேகப்படுங்கள். மலம் போகிறதே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள், பாதி அடைப்பில் கொஞ்சம் மலமோ பேதியோ போகத்தான் செய்யும்.

கட்டி, குடல் செருகல் (குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் நுழைந்துகொள்வது) என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் பூனைகளுக்கு நூல்தான் பெரிய எமன். அதன் நாக்கில் இருக்கும் முட்கள் தொண்டைப் பக்கம் சாய்ந்திருக்கும், அதனால் வாய்க்குள் போன நூலைத் துப்ப முடியாமல் விழுங்கிக்கொண்டே போகும். ஒரு முனை நாக்கின் அடியிலோ இரைப்பையிலோ மாட்டிக்கொள்ளும். மறுமுனையைக் குடல் கீழே இழுக்க இழுக்க, குடலே சுருக்குப்பை வாய் மாதிரி மடிந்துபோகும், இறுகிய நூல் குடல் சுவரை அறுத்து ஓட்டை போட்டுவிடும்.

அதனால் முதலில் நாக்கின் அடியைப் பாருங்கள். ஒரு கையால் தலையைப் பிடித்து வாயைத் திறந்து, இன்னொரு கையின் விரலால் தாடைக்கு அடியில், இரண்டு எலும்புக்கும் நடுவே மெல்ல மேலே தள்ளினால் நாக்கு தூக்கிக்கொள்ளும். பூனை கடிக்க வந்தால் விட்டுவிடுங்கள், டாக்டர் பார்த்துக்கொள்வார். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தெரிந்தால் தயவுசெய்து இழுக்காதீர்கள், வெட்டவும் வேண்டாம். எண்ணெய், பேதி மருந்து எதுவும் கொடுக்காதீர்கள். வலிக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுத்தால் அதுவே பூனையைக் கொன்றுவிடும்.

சரி, ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்கள்? எக்ஸ்ரேயில் நூல் தெரியாது, ஆனால் குடல் கொத்தாகச் சுருங்கியிருப்பது தெரியும். சந்தேகம் இருந்தால் ஸ்கேன். ரத்தப் பரிசோதனை செய்து, வாந்தியில் இழந்த நீரையும் பொட்டாசியத்தையும் டிரிப்ஸில் ஏற்றிய பிறகுதான் அடுத்த கட்டம். பொருள் இரைப்பையிலேயே இருந்தால் எண்டோஸ்கோப்பியில், அதாவது வாய் வழியாகக் கேமரா குழாயை விட்டு எடுத்துவிடலாம். குடலுக்குள் இறங்கிச் சிக்கிவிட்டால் ஆபரேஷன்தான், குடல் அழுகியிருந்தால் அந்தப் பகுதியை வெட்டி எடுத்து இணைப்பார்கள். சீக்கிரம் போனால் பல நேரம் குடலை அப்படி வெட்டி எடுக்க வேண்டிய தேவையே இருக்காது.

அப்புறம் வீட்டுக்கு வந்ததும் டாக்டர் சொன்ன உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பூனை சில நாள் பட்டினி கிடந்தாலே கல்லீரலில் கொழுப்பு சேர்ந்துவிடும். தையலை நக்காமல் இருக்கப் போட்டுவிடும் கூம்பு மாதிரியான கழுத்துப் பட்டையை 10 முதல் 14 நாள் கழற்றாதீர்கள். குடலில் போட்ட தையல் கசிய வாய்ப்புள்ள முதல் 5 நாளில் மறுபடி வாந்தி, காய்ச்சல், சோர்வு எது வந்தாலும் உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.